குறுக்கங்களுக்கு வேற்றுமை உருபு ஒட்டும்போது

(ஆய்வேடு எழுதுவோருக்கும் பதிப்புப் பணியில் இருப்போருக்கும் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பொருளடக்கத்துக்கும் முன்னுரைக்கும் நடுவே ஒரு பக்கம் வரும். ‘குறுக்க விளக்கம்’ என்றோ ‘சுருக்கக் குறியீட்டு விளக்கம்’ என்றோ அதற்குத் தலைப்பு இருக்கும். மதிப்புரை எழுதுகிறவர் அதைத் தொடமாட்டார். நூலாசிரியரும் நெறியாளர் நினைவூட்டிய பிறகு, ஆய்வேட்டைக் கட்டுமானத்துக்குக் கொடுப்பதற்கு முந்தின இரவில்தான் அதை எழுதுகிறார். அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கணினியில் லாடெக் கொண்டு பக்கம் அமைப்பவர்கள் இங்கே பலர் இருப்பதால் பேச்சு பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும். வேறு மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்கும் நடுப்பகுதி பொருந்தும். ஏனென்றால் அது கணினிச் சிக்கல் அல்ல, இலக்கணச் சிக்கல்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனை எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் பிரியுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் அடைப்புக்குறிக்குள் சிலப்., புறநா., நன்., நற். என்று நூற்பெயர்கள் வெட்டுப்பட்டு நிற்கும். யாழ்ப்பாண வழக்கு என்பதைக் காட்ட ஜே என்ற ஒற்றை ஆங்கில எழுத்துதான் இருக்கும். லட்சத்துக்கும் மேற்பட்ட தலைச்சொற்கள் கொண்ட அகராதியில் இந்த வெட்டு இல்லாவிட்டால் ஆறு தொகுதி எட்டாகியிருக்கும். முன்பக்கத்தில் விளக்கப் பட்டியல் இல்லாவிட்டால் ஆறு தொகுதியும் பாதி ஊமையாகியிருக்கும். உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளில் இதே வேலையை முதற்குறிப்பகராதி என்ற பகுதி செய்கிறது. பெயரிலேயே இலக்கணம் இருக்கிறது: நூற்பெயரின் முதற்குறிப்பைக் கொண்டு முழுப்பெயரைத் தேடும் அகராதி அது. நம் ஆய்வேடுகளில் வரும் பட்டியல்களை விட அது பெரும்பாலும் நேர்த்தியானது. கையால் எழுதி, ஈய எழுத்தில் கோத்து, மெய்ப்புப் பார்த்துச் செய்தது.

இன்னும் பின்னால் போனால் ௳, ௴, ௵ என்ற வடிவங்கள். நாள், மாதம், வருடம். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படி என்பதற்கு ௸. பழைய பத்திரங்களிலும் கணக்கேடுகளிலும் இவை விளக்கமே இல்லாமல் வந்தன. கணக்குப்பிள்ளைக்கும் பத்திரம் எழுதுகிறவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இன்று அந்தப் பத்திரங்களை வைத்து ஆய்வு செய்கிற மாணவர் இந்த ஆறையும் தன் பட்டியலில் கட்டாயம் சேர்க்க வேண்டும், வாசகர் மாறிவிட்டார். அதே மாணவர் கி.பி., கி.மு. இரண்டையும் பட்டியலில் போட வேண்டியதில்லை. போட்டால் குற்றமில்லை, இடம்தான் வீண். எதைப் பட்டியலிடுவது என்ற கேள்விக்கு இதைவிட நுட்பமான விதி ஏதும் எனக்குத் தெரியவில்லை: உங்கள் வாசகர் யார் என்று பாருங்கள். அலகுகளை மட்டும் தனியே வையுங்கள். பன்னாட்டு அலகு முறையில் கிலோமீட்டர், கிலோகிராம் முதலியவற்றின் குறிகள் சுருக்கங்கள் அல்ல, கணிதக் குறியீடுகள். அவை வேறொரு பட்டியலுக்கு உரியவை.

இனி இயந்திரத்துக்கு வருவோம்.

டொனால்ட் நூத் என்ற கணினி அறிஞர், தன் நூலின் இரண்டாம் தொகுதிக்கு மறுபதிப்பு வந்தபோது அச்சுப்படியைப் பார்த்து மனம் நொந்து 1977இல் எழுதத் தொடங்கியது டெக். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டியது லாடெக். பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு இது என்ன என்பதை மட்டும் எழுத்தாளர் சொன்னால் போதும் என்பது லாம்போர்ட்டின் கருத்து. இது தலைப்பு, இது அடிக்குறிப்பு, இது மேற்கோள் என்று சொல்கிறோம். அதேபோல் இது ஒரு குறுக்கம் என்றும் சொல்லலாம். சொன்னால் பட்டியல் தானாக உருவாகும்.

அதற்கு உரிய தொகுப்புகள் பல. டோபியாஸ் ஓட்டிகர் எழுதிய அக்ரோனிம் எளிமையானது. குறுக்கங்களையெல்லாம் ஓரிடத்தில் எழுதிவைக்கிறீர்கள். நீங்கள் எழுதிய வரிசையிலேயே அது அச்சிடும். பயன்படுத்தியவற்றை மட்டும் அச்சிடு என்று ஒரு விருப்பம் கொடுத்தால் மற்றவற்றை விட்டுவிடும். அதற்கு ஒன்றை மட்டும் சொல்லித்தர வேண்டும்: உங்கள் குறுக்கங்களில் மிக நீளமானது எது என்பது. அதை அளவாக வைத்துத்தான் இடது பத்தியின் அகலத்தை அது முடிவு செய்யும். நிக்கோலா டால்பட் எழுதிய குளோசரீஸ் பெரியது. கலைச்சொல், குறுக்கம், குறியீடு என்று எத்தனை பட்டியல் வேண்டுமானாலும் தரும், அகரவரிசைப்படுத்தும், பக்க எண்ணும் சேர்க்கும். கிளெமென்ஸ் நீடர்பெர்கரின் ஆக்ரோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நாமென்கிள் என்று இன்னொன்று உண்டு. பொறியியல் மாணவர்களுக்குப் பழக்கமானது, மற்றவர்களுக்குத் தேவையில்லை.

குளோசரீஸ் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் முதல் நாள் கேட்கும் கேள்வி ஒன்றே: எல்லாம் எழுதிவிட்டேன், பட்டியல் ஏன் வரவில்லை? காரணம் எளியது. லாடெக் ஆவணத்தை முதல் தடவை ஓட்டும்போது எந்தக் குறுக்கம் எந்தப் பக்கத்தில் வந்தது என்று ஒரு துணைக் கோப்பில் குறித்துவைக்கும். அவ்வளவுதான். அந்தக் கோப்பை எடுத்து வரிசைப்படுத்துவது வேறொரு நிரலின் வேலை. அந்த நிரலை நீங்கள் ஓட்ட வேண்டும். பிறகு ஆவணத்தை இன்னொரு தடவை ஓட்ட வேண்டும். நடுவில் உள்ள படியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அது சரியாக இருந்தும் ஒரு குறுக்கம் மட்டும் வரவில்லையென்றால், அதை வரையறுத்துவிட்டுப் பனுவலில் எங்கும் கட்டளையோடு பயன்படுத்தவில்லை என்று பொருள். கையால் தட்டச்சு செய்த ‘ஐ.நா.’வை இயந்திரம் வெறும் எழுத்தாகத்தான் பார்க்கும்.

இந்தத் தொகுப்புகளின் பெருமை முதல் வருகையில் இருக்கிறது. நீங்கள் ஒரே கட்டளையைத்தான் எல்லா இடத்திலும் எழுதுகிறீர்கள். முதல் இடத்தில் முழுப்பெயரும் அடைப்புக்குறிக்குள் குறுக்கமும் வரும். அடுத்த இடத்திலிருந்து குறுக்கம் மட்டும். இயலை முன்னுக்குப் பின் மாற்றினாலும் கணக்கு தவறாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு பொறி உண்டு: இயல் தலைப்பில் அந்தக் கட்டளையைப் போட்டால் தலைப்பு பொருளடக்கத்துக்கும் போகும், பொருளடக்கம் முன்னால் வரும், ஆகவே முதல் வருகை அங்கேயே தீர்ந்துவிடும். முழு விளக்கம் பொருளடக்கத்தில் கிடக்க, பனுவலில் வெறும் குறுக்கம் நிற்கும். பட விளக்கங்களிலும் இதே கதை. தலைப்புகளில் குறுக்கத்தை மட்டும் அச்சிடும் தனிக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஆய்வுச் சுருக்கம் எழுதி முடித்ததும் கணக்கை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவரும் கட்டளையும் இருக்கிறது; ஆய்வுச் சுருக்கத்தைத் தனியே படிக்கிறவரும் நூலை மட்டும் படிக்கிறவரும் வேறு வேறு ஆள்கள்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். இனித் தமிழ்.

பன்னாட்டு நாணய நிதியம் என்பதை ப.நா.நி. என்று குறுக்குவதாக வைத்துக்கொள்வோம். ‘நிதியத்தின் அறிக்கை’ என்று எழுத வேண்டும். கட்டளையை எழுதி அதன் பின்னால் உருபை ஒட்டினால் முதல் வருகையில் என்ன அச்சாகும்? ‘பன்னாட்டு நாணய நிதியம் (ப.நா.நி.)யின் அறிக்கை’. இதைத் தமிழ் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நமக்கு வேண்டியது ‘பன்னாட்டு நாணய நிதியத்தின் (ப.நா.நி.) அறிக்கை’. அடுத்த வருகையில் ‘ப.நா.நி.யின் அறிக்கை’. ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. பன்மைக்கு ஓர் எழுத்து சேர்த்தால் வேலை முடிந்தது. அதற்காகக் கட்டிய கருவி நம்மிடம் வரும்போது அத்துச் சாரியை எங்கே என்று தேடுகிறது.

குளோசரீஸில் கட்டளையின் கடைசியில் சதுர அடைப்புக்குறிக்குள் எதையாவது எழுதினால், முதல் வருகையில் அது முழுப்பெயரை ஒட்டி, குறுக்கத்தின் அடைப்புக்குறிக்கு முன்னால் அமரும். பின்னர் குறுக்கத்தை ஒட்டி அமரும். உருபு உட்கார வேண்டிய இடம் அதுதான். பாதிச் சிக்கல் இங்கே தீர்கிறது. மீதிப் பாதி, உருபு ஏற்கும்போது சொல்லே மாறுவது. அதற்கு ஒவ்வொரு குறுக்கத்துக்கும் பயனர் புலங்கள் உண்டு. ஒன்றில் ‘நிதியத்த’ என்றும் இன்னொன்றில் ‘ப.நா.நி.ய’ என்றும் உருபேற்கும் வடிவங்களைச் சேமித்து, அவற்றைப் பயன்படுத்தும் சிறு கட்டளை ஒன்றை நீங்களே எழுதிக்கொள்ளலாம். உருபுகளை உயிரெழுத்தாக எழுதாமல் உயிர்க்குறியாக எழுத வேண்டும். அப்போது நிதியத்தின், நிதியத்தை, நிதியத்தால் எல்லாம் சரியாகச் சேரும், ப.நா.நி.யின், ப.நா.நி.யை, ப.நா.நி.யால் என்பவையும் சேரும். நான்காம் வேற்றுமையில் இடறும். நிதியத்துக்கு என்பது சரி, ஆனால் ப.நா.நி.யுக்கு என்று யாரும் எழுதுவதில்லை, வ.உ.சி.க்கு என்பதுபோல் ப.நா.நி.க்கு என்றுதான் எழுதுவோம். அதே நேரத்தில் தி.மு.க. என்பது தி.மு.க.வுக்கு ஆகிறது. இகர, ஈகார, ஐகார ஈற்றுக்கு யகர உடம்படுமெய், ஏகாரத்துக்கு யகரமும் வகரமும், மற்றவற்றுக்கு வகரம் என்று பள்ளியில் படித்தோமே, குறுக்கத்தின் கடைசி எழுத்தைப் பார்த்து அதையெல்லாம் இங்கே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மெய்யில் முடியும் ஆங்கில எழுத்துப் பெயர்கள் இன்னும் வேடிக்கை. எம்.ஜி.ஆர். என்பதற்கு உருபு சேர்த்தால் எம்.ஜி.ஆரின் ஆகிறது, கடைசிப் புள்ளியும் போகிறது, ரகரத்தின் மேலிருந்த புள்ளியும் போகிறது. ஏ.டி.எம். உருபேற்றால் ஏ.டி.எம்மில். தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டிக்கும் என்ற விதி பணம் எடுக்கும் இயந்திரத்தையும் விடவில்லை. சில நாளிதழ்கள் ஏ.டி.எம்.-இல் என்று சிறுகோடு போட்டுத் தப்பிக்கின்றன. பார்வைக்கு எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒரே நூலில் முதலிலிருந்து கடைசிவரை அப்படியே செய்தால் ஒத்துக்கொள்வேன். ஒரு பக்கத்தில் இப்படியும் அடுத்த பக்கத்தில் அப்படியும் வருவதைத்தான் பொறுக்க முடியாது.

இன்னொரு இடர். குறுக்கங்களைப் பட்டியலோடு இணைக்கும் மீயிணைப்பை நீங்கள் இயக்கியிருந்தால், குறுக்கம் இணைப்புக்குள்ளும் உயிர்க்குறி இணைப்புக்கு வெளியேயும் விழலாம். உயிர்க்குறிக்கு ஒட்ட ஒரு மெய் இல்லாமல் போகும். எழுத்துரு அந்த இடத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைப் போட்டு அதன்மேல் குறியை வைக்கும். அச்சான ஆய்வேட்டில் அந்த வட்டத்தைப் பார்த்தால் இதுதான் காரணம். அதனால்தான் உருபைச் சதுர அடைப்புக்குறிக்குள் கொடுக்கச் சொன்னேன். அப்போது அது இணைப்புக்குள்ளேயே இருக்கும்.

இவ்வளவையும் விளக்கிவிட்டு என் கருத்தைச் சொல்கிறேன். தமிழ் ஆய்வேட்டில் முதல் வருகை விரிவாக்கத்தை இயந்திரத்திடம் விடவேண்டாம். வாக்கியத்தை நீங்களே எழுதுங்கள். ‘பன்னாட்டு நாணய நிதியத்தின் (ப.நா.நி.)’ என்று உங்கள் கையால் தட்டச்சு செய்யுங்கள், பின்னால் ‘ப.நா.நி.யின்’ என்றும் நீங்களே எழுதுங்கள். அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பதிவுக் கட்டளை ஒன்றைப் போடுங்கள். குளோசரீஸில் அப்படி ஒன்று இருக்கிறது: எதையும் அச்சிடாது, இந்தக் குறுக்கம் இந்தப் பக்கத்தில் வந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். பட்டியல் வரும், பக்க எண்ணும் வரும், இலக்கணம் உங்கள் கையில் இருக்கும். இயல் வரிசையை மாற்றினால் முதல் வருகையை நீங்களே தேடிச் சரிசெய்ய வேண்டும் என்பது இதில் உள்ள இழப்பு. உண்மையான இழப்புதான். ஆனால் அது நூலுக்கு ஓரிரு தடவை வரும் வேலை. உருபோடு மல்லுக்கட்டுவது பக்கத்துக்குப் பக்கம் வரும் வேலை. நூறு குறுக்கங்களும் ஆறு இணை ஆசிரியர்களும் உள்ள அறிக்கையென்றால் வேறு கணக்கு. அங்கே உருபேற்கும் வடிவங்களைச் சேமித்துக் கட்டளை எழுதுவதே மேல்.

அகரவரிசைக்கும் இதே போன்ற ஒரு முடிவு வேண்டும். குளோசரீஸ் வழக்கமாக அழைக்கும் வரிசைப்படுத்து நிரலான மேக்இன்டெக்ஸ் 1980களில் பிறந்தது. யூனிகோடு அதற்குத் தெரியாது, பைட்டு மட்டுமே தெரியும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள், அவற்றில் முதலாவது எல்லாவற்றுக்கும் ஒன்றே. அந்த முதல் பைட்டைப் பார்க்கும் நிரலுக்கு அகநானூறும் வளையாபதியும் ஒரே எழுத்தில் தொடங்குபவை. எழுத்துவாரியாகத் தலைப்பிட்டுப் பிரிக்கச் சொன்னால் குழம்பிவிடும். பிரிக்கச் சொல்லாவிட்டால் யூனிகோடு எண்களின் வரிசையில் அடுக்கும். அந்த வரிசை நம் நெடுங்கணக்கு அல்ல. அதில் நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம், சகரத்துக்குப் பின் ஜகரம் என்று வருகின்றன.

சொல்லின் முதலில் ழ, ள, ற, ன வருவதில்லை. ஆகவே சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்த ப.நா.நி. போன்ற குறுக்கங்களில் இந்தக் கோளாறு அநேகமாகத் தலைகாட்டாது. இலக்கிய நூற்பெயர்களில் தலைகாட்டும். நற்றிணைக்கு நற்., நன்னூலுக்கு நன். என்று வைத்தால் நெடுங்கணக்குப்படி நற். முன்னால் வர வேண்டும், ஏனென்றால் றகரத்துக்குப் பின்தான் னகரம். யூனிகோடு எண்ணை நம்பும் நிரல் நன்னூலை முன்னால் போடும். மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் என்ற நம் அகராதி மரபும் தலைகீழாகும்: அக்கம் என்பதற்கு முன்னால் அகம் வந்து நிற்கும். தமிழாசிரியர் தேர்வாளராக வந்தால் இதை முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

மாற்றுவழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு குறுக்கத்துக்கும் வரிசைச் சாவி என்று ஒரு புலம் உண்டு. அதில் நீங்கள் ஒரு எண்ணைக் கொடுத்தால் அதன்படி அடுக்கும். மொழிக்கு ஏற்ற வரிசை விதிகளை ஏற்கும் நிரல்களும் உள்ளன. ஐம்பது அறுபது குறுக்கம் உள்ள ஆய்வேட்டுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம். வரையறுத்த வரிசையிலேயே அச்சிடு என்று சொல்லிவிட்டு, வரையறைகளை நெடுங்கணக்கில் நீங்களே அடுக்கிவிடுங்கள். அரை மணி நேர வேலை. அடுக்கும்போது குறுக்கத்தின் வரிசையில் அடுக்குங்கள், விரிவின் வரிசையில் வேண்டாம். வாசகர் கையில் இருப்பது குறுக்கம்தான்.

புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. டெக் ஆங்கில மரபில் பிறந்தது. முற்றுப்புள்ளிக்குப் பின் சற்று அகலமான இடைவெளி விடும். பெரிய எழுத்துக்குப் பின் வரும் புள்ளியை மட்டும் அது முதலெழுத்துக் குறுக்கம் என்று எடுத்துக்கொண்டு இடைவெளியைக் கூட்டாது. தமிழில் பெரிய எழுத்து ஏது? ஆகவே ‘ஐ.நா. சபை’ என்ற இடத்தில் வாக்கியம் முடிந்துவிட்டதாக நினைத்து அகல இடைவெளி விடும். வாக்கிய இடைவெளியும் சொல் இடைவெளியும் ஒன்றே என்று ஆவணத்தின் தொடக்கத்திலேயே கட்டளையிட்டுவிட்டால் தீர்ந்தது. பெயர் முன்னெழுத்துகள் வரி முடிவில் தனியே தொங்காமலிருக்க, பெயருக்கும் முன்னெழுத்துக்கும் நடுவே வரி உடையாத இடைவெளிக் குறியைப் போடுங்கள். பட்டியலின் வலது பத்தியை இருபுறமும் சமன்செய்ய வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை, பத்தி குறுகலானது, சமன்செய்தால் வரிக்கு நடுவே ஓட்டை விழும். இடப்புறம் மட்டும் நேராக நிற்கட்டும்.

கடைசியாக, தமிழ் இலக்கியத் துறையினருக்கு மட்டும். உங்கள் குறுக்கங்களில் பெரும்பாலானவை நிறுவனப் பெயர்கள் அல்ல, நூற்பெயர்கள். அவற்றைக் குளோசரீஸில் போடுவதே தவறான இடம் என்பேன். அவை துணைநூற்பட்டியலுக்கு உரியவை. பிப்லாடெக் என்ற தொகுப்பில் ஒவ்வொரு நூலுக்கும் குறும்பெயர் என்று ஒரு புலம் உண்டு. புறநானூற்றின் பதிவில் ‘புறநா.’ என்று அதை நிரப்பினால், மேற்கோள் காட்டும் இடமெல்லாம் அந்தக் குறும்பெயர் வரும். மேற்கோள் காட்டிய நூல்களின் குறும்பெயர்ப் பட்டியலை ஒரே கட்டளையில் முன்பக்கத்தில் அச்சிடலாம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. குளோசரீஸில் நீங்கள் ‘புறநா. – புறநானூறு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். பிப்லாடெக்கில் பதிவு முழுமையாக வேண்டும்: பதிப்பாசிரியர் யார், எந்த ஆண்டு. சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட முதல் பதிப்பா, அதற்குப் பின் அவரே திருத்தி வெளியிட்டதா, வேறொருவர் உரையோடு வந்ததா? பாடவேறுபாட்டைப் பற்றி ஓர் இயல் முழுக்க எழுதிவிட்டு, பட்டியலில் வெறுமனே ‘புறநா.’ என்று விட்டிருக்கும் ஆய்வேடுகளை நான் மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். எந்தப் பாடம் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு தேடிப் போக வேண்டியிருந்தது. ஒரே நூலின் இரண்டு பதிப்புகளைப் பயன்படுத்தினால் குறும்பெயரும் இரண்டாக இருக்கட்டும், புறநா.சா. என்று பதிப்பாசிரியரின் முதலெழுத்தைச் சேர்த்தாலும் சரி, ஆண்டைச் சேர்த்தாலும் சரி.

நிறுவனப் பெயர்களும் நூற்பெயர்களும் கலந்து வரும் ஆய்வென்றால் இரண்டு பட்டியல்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே பக்கத்தில் அடங்குமானால் ஒரே பக்கத்தில். கல்வெட்டு ஆய்வு செய்கிறவர்கள் தொடர்வெளியீடுகளை நூற்பட்டியலோடு வைத்துக்கொள்ளுங்கள், தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளைத் தெ.இ.க. என்று எழுதும்போது தொகுதி எண்ணையும் கல்வெட்டு எண்ணையும் எந்த ஒழுங்கில் தருகிறீர்கள் என்பதைப் பட்டியலின் அடியில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் தொகுதி எது, எண் எது என்று தெரியாமல் நூலகத்தில் தவறான தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் உண்டு.

நான் சொல்ல வந்தது இவ்வளவே. மடிக்கணினி கொண்டுவந்திருக்கிறவர்கள் உங்கள் கோப்பைத் திறந்து வையுங்கள், கேள்விகளை அதிலிருந்தே எடுத்துக்கொள்வோம்.